போலிங் வேலை

"புள்ளைக்கு கொழும்புல போலிங் வேல கெடச்சிருச்சாம்" என்று எங்கள் போலருடைய அம்மா பீலிக்கரையில் வைத்துச் சொன்னபோது நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. நம்பினோம். 2023 மார்ச் மாதம் அது. ஏலெவல் எழுதி முடித்த கையோடு அவன் பதுளையில் பஸ் ஏறி மூன்று வாரம்கூட ஆகவில்லை. எங்கள் தோட்டத்திலேயே வேகமாகப் பந்து போடுகிறவன் அவன்தான். மாலிங்க மாதிரி கையைப் பக்கவாட்டில் சுழற்றிப் போடுவான். ரத்கம கடற்கரை மணலில் சொஃப்ட்போல் விளையாடிய பையன் நாட்டுக்கே விளையாடினான் என்றால், பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து போனவனைக் கொழும்பில் ஏதோ ஒரு கிளப் கூப்பிட்டிருக்கக் கூடாதா? எந்த கிளப், மாதம் எவ்வளவு, சப்பாத்து அவர்களே கொடுப்பார்களா என்று பொழுது சாயும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.

ராத்திரி அவனே கோல் எடுத்தான். "அடேய், அந்த போலிங் இல்லடா. பத்து கட்டைய நிக்க வச்சி, பெரிய பந்த உருட்டி விழுத்துற போலிங். நான் பந்து தொடைக்கிறவன்."

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தம் இல்லை. பிறகு அவன்தான் சொன்னான்: "ஆனா ஒன்னு தெரியுமா? இங்கயும் பந்துல ஒயில்தான்டா."

அப்போதுதான் சிரித்தோம். ஏன் என்று சொல்வதற்கு ஏழு மாதம் பின்னால் போக வேண்டும்.

2022 ஆகஸ்ட். நாட்டில் டொலர் இல்லை, டீசல் இல்லை, பால்மா இல்லை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பந்து. டெனிஸ் பந்துதான், ஆனால் நல்ல பந்து. எங்களில் ஒருத்தனுடைய அக்கா பதுளை டவுனில் புடவைக் கடையில் நின்றாள். அவள் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அதற்கு முன்பு பந்து தொலைந்தால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இன்னொன்று வாங்குவோம். அந்த வருஷம் அப்படி முடியவில்லை. கடையில் பந்தின் விலையைக் கேட்டுவிட்டு, சும்மா பார்க்க வந்தவர்கள் மாதிரி வெளியே வந்துவிடுவோம். செப்டெம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை டவுன் பக்கத்து டீம் ஒன்றோடு மேட்ச் இருந்தது. ஆளுக்கொரு பந்து கொண்டுவர வேண்டும் என்பது பேச்சு.

ஊவா பக்கத்தில் ஆகஸ்ட் என்றால் கச்சான் காற்று. ஜூலையில் தொடங்கி செப்டெம்பர் வரை மலையை உரசிக்கொண்டு வறண்டு அடிக்கும். ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் இருக்கிற பேரெல்லாம் இந்தக் காற்றில் கொழுந்து வாடுவதால் வருகிற மணத்துக்குத்தான். ஏலத்தில் நல்ல விலை போகிற மாதங்களும் இவைதான். எங்களுக்கு அந்தக் காற்றால் கிடைப்பது வெடித்த உதடும் தொலைந்த பந்தும். எங்கள் கிரவுண்ட் என்பது பெக்டரிக்குப் பின்னால், லொறி திருப்புவதற்காக வெட்டிய ஒரு தட்டை நிலம். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் கராஜ். அன்றைக்கு எங்கள் இடதுகைக்காரன் நேராகத்தான் அடித்தான். காற்று அதை வளைத்துக் கொண்டுபோய் கராஜ் கானுக்குள் போட்டது. கானின் முனையில் பாதியாக வெட்டிய ஒரு பீப்பாய். லொறியிலும் ட்ரக்டரிலும் இருந்து வடித்த பழைய ஒயிலை அதில்தான் ஊற்றி வைப்பார்கள். வேலிக்கட்டைக்கு, தூணுக்குக் கறையான் வராமல் பூசுவதற்கு அதை ஆட்கள் கேட்டு வாங்கிப் போவதுண்டு.

பந்து மிதந்தது. அது முங்கவில்லை என்று முதலில் சந்தோஷப்பட்டோம். குச்சி தேடி, கம்பி தேடி, கடைசியில் எங்கள் போலர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கையை விட்டு எடுப்பதற்குள் பத்து நிமிஷம் போயிருக்கும். மஞ்சள் பந்து கறுப்பாக வந்தது. அந்தப் பத்து நிமிஷம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் பீலிக்குக் கொண்டுபோனோம். வெறும் தண்ணீரில் ஒயில் போகாது என்பது யாருக்கும் தெரியும், ஆனாலும் எல்லாரும் முதலில் தண்ணீரில்தான் கழுவுவார்கள். பிறகு சன்லைட். எங்களில் ஒருத்தன் வீட்டில் இருந்து மெதுவாக எடுத்துக்கொண்டு வந்தான். அரைக்கட்டி. பந்தில் தேய்க்கத் தேய்க்க நுரை சாம்பல் நிறத்தில் வழிந்தது. நுரை கறுப்பாக வந்தால் அழுக்குப் போகிறது என்று அர்த்தம், இன்னும் தேய் என்றோம். கட்டி கால்வாசியாகும்போது அவனுடைய அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு அந்த வழியாக வந்தார்.

"ஏன்டா, பந்து கழுவவா நா சவுக்காரம் வாங்குறேன்? வாரத்துக்கு வாரம் வெல ஏறுது, இங்க நொரையா ஓடுது!"

அவர் அடிக்கவில்லை. கட்டியைப் பிடுங்கி, மிஞ்சியதைத் தன் கையிலேயே தேய்த்து, விரல் இடுக்கில் இருந்த கொழுந்துக் கறையைக் கழுவத் தொடங்கினார். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். கொழுந்துக் கறை ஒயில் மாதிரி இல்லை. அது இலைச் சாறு, காற்றுப்பட்டால் கறுத்துப்போய்த் தோலில் ஒட்டிக்கொள்ளும். சவுக்காரத்துக்கு அது அசையாது. எலுமிச்சங்காயை வெட்டித் தேய்த்தால் கொஞ்சம் வெளுக்கும். கலியாண வீட்டுக்குப் போவதற்கு முதல் நாள் எங்கள் லயத்தில் எல்லா அம்மாமாரும் எலுமிச்சங்காய் தேடுவது அதனால்தான். அன்று எங்களில் ஒருத்தன் பந்துக்கும் எலுமிச்சங்காய் தேய்த்துப் பார்த்தான். பந்து எலுமிச்சை வாசத்தோடு கறுப்பாக இருந்தது.

அடுத்தது சாம்பல். இது ஒரு அப்பாயியின் யோசனை. "எண்ணெச் சட்டியையே சாம்ப எடுத்துரும், இது என்ன பந்து?" என்றார். அடுப்புச் சாம்பலை ஈரத் துணியில் தொட்டு அரைமணி நேரம் தேய்த்தோம். சட்டிக்கு நடப்பது பந்துக்கு நடக்கவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை. பிறகு எங்களில் சயன்ஸ் படித்தவன்தான் விளங்கப்படுத்தினான். விறகுச் சாம்பலில் காரம் இருக்கிறது. தேங்காயெண்ணெய், நெய் மாதிரியான கொழுப்போடு அந்தக் காரம் சேர்ந்தால் கொழுப்பே சவுக்காரமாக மாறிவிடும். அதனால் சட்டி தன்னைத்தானே கழுவிக்கொள்கிற மாதிரித்தான். ஆனால் லொறி ஒயில் கொழுப்பு இல்லை. அது நிலத்துக்கு அடியில் இருந்து வந்தது, சாம்பல் எவ்வளவு போட்டாலும் சவுக்காரமாகாது. அப்பாயியின் அறிவு பிழை இல்லை. அவருடைய சட்டிக்குள் அந்த ஒயில் வந்ததே இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவதாக நாங்கள் செய்ததுதான் பெரிய மடத்தனம். மண்ணெண்ணெய்.

கராஜில் கிரீஸ் பட்ட கையை மண்ணெண்ணெயில் கழுவுவதைப் பார்த்திருக்கிறோம். கை சுத்தமாகும். அப்படியென்றால் பந்தும் ஆகும். ஆனால் அது எந்த மாதம் என்று மறந்துவிடக் கூடாது. அதே ஆகஸ்டில்தான் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாயானது. 2021இல் வர்த்தமானியில் வந்த ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம்தான் அப்போதும். அதுவும் கிலோ குறைந்தால் அரைப்பேர். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் என்றால் ஒரு நாள் மலையேறி இறங்கியதில் மூன்றில் ஒரு பங்கு. கரண்ட் கட்டான ராத்திரிகளில் விளக்குக்கு வைத்திருந்த போத்தலில் இருந்து, யார் வீட்டுப் போத்தல் என்று இங்கே எழுதப் போவதில்லை, ஒரு கப் ஊற்றி எடுத்தோம். பந்தை அதில் போட்டு மூடிவைத்தோம். பாடம் படிக்க என்று சொல்லிவிட்டு வந்து இருட்டில் ஒரு கப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

காலையில் பார்த்தால் பந்து வீங்கியிருந்தது. பொய் இல்லை, கையில் பிடித்தாலே தெரிந்தது. மேலே இருந்த பஞ்சு ஒரு பக்கம் கழன்று தொங்கியது. ஒயிலின் கறுப்பு பாதி போயிருந்தது உண்மைதான். ஆனால் அழுத்தினால் பந்து, பழுத்த கொய்யாக்காய் மாதிரி உள்ளே போனது. டெனிஸ் பந்தின் உள்ளே இருப்பது ரப்பர். மொனராகலைப் பக்கம் மரத்தில் வெட்டிப் பால் எடுக்கிறார்களே, அதே ரப்பர். அதற்குத் தண்ணீர் பிடிக்காது, எண்ணெய் பிடிக்கும். மண்ணெண்ணெயோ லொறி ஒயிலோ எது பட்டாலும் உறிஞ்சி உறிஞ்சி ஊதும், ஊதினால் தளரும். பீப்பாயில் கிடந்த பத்து நிமிஷத்தில் தொடங்கியதை நாங்கள் ஒரு ராத்திரி முழுக்க, அதுவும் 340 ரூபாய் மண்ணெண்ணெயில், முடித்துக் கொடுத்திருக்கிறோம்.

கராஜ் பாஸ் அந்தப் பந்தைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். எங்களைத் திட்டுவார் என்று நினைத்தோம். "கழுவக் கூடாதுடா, உறிய வைக்கணும்" என்றார். நிலத்தில் ஒயில் கொட்டினால் அவர் தண்ணீர் ஊற்றுவதில்லை, மரத்தூள்தான் போடுவார். ஒரு டின்னில் மரத்தூளைக் கொட்டி, பந்தைப் புதைத்து, பெக்டரிச் சுவரோரம் வெயிலில் வைக்கச் சொன்னார். இரண்டு நாளைக்கு ஒரு தரம் தூளை மாற்றச் சொன்னார். கழன்ற பஞ்சை சைக்கிள் டியூப் ஒட்டுகிற சொலூஷனால் ஒட்டித் தந்தார். இடையில் ஒரு தரம், இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு சொட்டு விம் விட்டுக் கழுவிக் காற்றில் காய வைத்தோம். முதல் முறையாகப் பந்தின் மஞ்சள் தெரிந்தது. கச்சான் காற்று ஒரு மணி நேரத்தில் காய வைத்துவிட்டது. அந்த ஒரு தடவைதான் அந்தக் காற்றுக்கு நன்றி சொன்னோம்.

ஆனால் வெயிலில் வைத்தால் திரும்பவும் கறுக்கும். மேலே சுத்தமாக இருக்கிற பந்து அரைமணி நேரத்தில் வேர்ப்பது மாதிரி ஒயிலைக் கக்கும். தொடைப்போம். திரும்பக் கக்கும். "இன்னும் எவ்வளவுடா வச்சிருக்க" என்று எங்கள் போலர் பந்தோடு பேசிக்கொண்டிருப்பான். அவன்தான் கடைசி வரை விடவில்லை. நாங்கள் சலித்துப்போன பிறகும் தூள் மாற்றியது அவன்தான்.

மேட்சுக்குப் போனோம். ஆறு ஓவர் மேட்ச். டவுன் பையன்கள் எங்களை மாதிரித்தான், தமிழ்தான் பேசுவார்கள், கடைக்காரர்களின் பிள்ளைகள், உத்தியோகத்தர்களின் பிள்ளைகள். அவர்கள் பந்து புதுசு. எங்கள் பந்தைப் பார்த்துச் சிரித்தார்கள். பேச்சுப்படி அவர்கள் பெட் பண்ணும்போது எங்கள் பந்துதான்.

பந்து எழும்பவில்லை. முழங்காலுக்கு மேல் வரவே இல்லை. இது எங்களுக்கு நன்றாகத்தான் வேலை செய்தது, அவர்களால் தூக்கி அடிக்க முடியவில்லை. மூன்றாவது ஓவரில் அவர்களுடைய கெப்டன் பெட்டின் ஓரத்தில் பட்டு கீப்பர் கையில் பிடி. படவில்லை என்றான். அம்பயர் அவர்கள் பக்கத்து அண்ணன் ஒருவர், நாணயமானவர். பெட்டை வாங்கிப் பார்த்தார். ஓரத்தில் கறுப்பாக ஒரு வட்டம். எங்கள் பந்து வேர்த்திருந்தது. அவுட்.

அந்த அவுட்டை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். அடுத்து நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. வெளியே போகிற வழியில் அந்தக் கெப்டன் பந்தைக் கேட்டு வாங்கினான். பார்த்தான், முகர்ந்தான். "லயத்து நாத்தம்" என்றான். பிறகு எங்கள் போலரிடம் வந்து, "ஒங்க பந்து தானே, தோட்டக்காட்டான்" என்று சொல்லிக்கொண்டு, பந்தையும் தன் கையையும் இவனுடைய சட்டையில் துடைத்தான். நெஞ்சுக்கு நேராக. ஸ்கூல் சட்டை அது, வெள்ளை. அவனிடம் இருந்த ஒரே வெள்ளைச் சட்டை என்பதால் அதைத்தான் மேட்சுக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

நாங்கள் ஏழு பேர் நின்றோம். யாரும் ஒன்றும் செய்யவில்லை. அம்பயர் அண்ணன்தான் அந்தப் பையனைத் திட்டினார். அதற்குப் பிறகு அவர்கள் பந்திலேயே விளையாடி முடித்தோம். தோற்றோம். எத்தனை ஓட்டத்தால் என்பது எங்களில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

இதே 2022 ஒக்டோபர் 1ஆம் திகதியில் இருந்துதான் பந்தில் எச்சில் தொட்டுத் தேய்க்கக் கூடாது என்பது கிரிக்கெட்டில் நிரந்தரச் சட்டமானது. கொரோனாவுக்காக 2020இல் தற்காலிகமாகக் கொண்டுவந்தது. பந்தை வெளிப்பொருள் எதுவும் படாமல் மினுக்கலாம், ஈரமானால் அம்பயர் ஒத்துக்கொண்ட துவாயில் துடைக்கலாம், சேறு ஒட்டினால் அம்பயர் பார்த்திருக்க எடுக்கலாம் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். பந்தை எதில் துடைக்கலாம் என்று இவ்வளவு யோசித்த சட்டம் அன்றைக்கு எங்கள் கிரவுண்டில் இருந்திருந்தால் என்று எங்களில் ஒருத்தன் கேட்டான். சும்மா ஒரு பேச்சுக்குத்தான்.

அவனுடைய சட்டையில் அந்தக் கறை போகவே இல்லை. சன்லைட், விம், பிளீச் எல்லாம் போட்டுப் பார்த்தார் அவனுடைய அம்மா. ஏலெவல் பரீட்சைக்கு மாமாவுடைய பையனின் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான்.

இனி கொழும்பு.

அந்த போலிங் சென்டரைப் பற்றி அவன் வொய்ஸ் மெசேஜில் சொல்லச் சொல்ல எங்களுக்கு ஒரு படம் வந்தது. ஓடுபாதை அறுபது அடி. அதில் முதல் நாற்பது அடி அளவுக்குக் கண்ணுக்குத் தெரியாமல் ஒயில் பூசியிருப்பார்கள். மெஷின் வைத்துப் பூசுவார்கள். பலகை தேயாமல் இருக்கவும், பந்து முதலில் வழுக்கிப் போய்க் கடைசியில் பிடித்துத் திரும்பவும் அது வேண்டும். உருளுகிற பந்து அந்த ஒயிலைத் தன்மேல் எடுத்துக்கொண்டு திரும்பி வரும். துடைக்காமல் விட்டால் அடுத்த தடவை திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாது. சென்டரின் சொந்தப் பந்துகள் வெறும் பிளாஸ்டிக் மாதிரி, மேலே துடைத்தால் போதும். ஆனால் ஆட்டம் தெரிந்தவர்கள் சொந்தமாகப் பந்து கொண்டுவருவார்கள். அந்தப் பந்தின் ஓடு ஒரு வகை ரெசின். அதில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள். ஒயில் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். "நம்ம பந்து மாதிரியேடா" என்றான், "ஆனா வெல மட்டும் நம்ம லயம் மொத்தத்துக்கும் ஒரு மாசச் சாமான்."

2024 டிசெம்பரில் கெம்பஸ் வேலை ஒன்றுக்காக கொழும்பு போனோம். எங்களில் இரண்டு பேருக்குத்தான் கெம்பஸ் கிடைத்தது, இரண்டும் ஆர்ட்ஸ். அவன் மூன்று பாடமும் பாஸ்தான், வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. கொழும்பிலேயே வேலை செய்கிற இன்னும் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு நாலு பேராக அவனைப் பார்க்கப் போனோம். சொல்லாமல் போனோம், அதுதான் பிழை.

கறுப்பு டீசேட், தலையில் தொப்பி, இடுப்பில் ஒரு நீலத் துணி. எங்களைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது, உடனே மாறியது. பக்கத்தில் நின்ற பையன் சிங்களத்தில் "யார் இவங்க?" என்று கேட்டான். "கெம்பஸ் ஆட்கள், பதுளை டவுன்ல டியூஷன் கிளாஸ்ல தெரியும்" என்றான் இவன். எங்களுக்குச் சிங்களம் விளங்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

கோபம் வந்ததா? வந்தது, ஒரு நிமிஷம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கெம்பஸில் முதல் வருஷம் எந்த ஊர் என்று கேட்டபோது நாங்கள் என்ன சொன்னோம்? "பதுளை." பதுளையில் எங்கே? "டவுனுக்குக் கிட்ட." டவுனில் இருந்து பசறைக்கு ஒரு பஸ், பசறையில் இருந்து இன்னொரு பஸ், அதற்குப் பிறகு நடை. அதைத்தான் டவுனுக்குக் கிட்ட என்றோம். ஹொஸ்டலில் எங்களில் ஒருத்தன், அம்மா கோல் எடுத்தால் வராந்தாவின் கடைசிக்குப் போய்த்தான் பேசுவான். 'அப்பாயி' என்ற சொல்லை மற்றவர்கள் முன்னால் 'அப்பம்மா' என்று மாற்றிச் சொல்வான். யாரும் மாற்றச் சொல்லவில்லை.

ஒரு கேம் விளையாடுங்கள் என்று அவனே காசு கட்டினான். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. எங்களுக்கு உருட்டத் தெரியவில்லை. முதல் பந்து, இரண்டாம் பந்து, மூன்றாம் பந்து எல்லாம் ஓரத்துக் கானுக்குள் விழுந்தன. அங்கேயும் ஓரத்தில் இரண்டு கான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பந்து திரும்பி வந்ததும் அவன் ஓடிவந்து நீலத் துணியால் துடைத்துத் தந்தான். "விடு, நாங்க தொடைக்கிறோம்" என்றோம். "பேசாம இரு, மெனேஜர் பாக்குறாரு" என்றான். நாங்கள் நின்றோம், அவன் துடைத்தான். அவ்வளவு வெட்கமாக எந்த விளையாட்டும் நாங்கள் விளையாடியதில்லை.

சென்டர் மூடிய பிறகு பின்பக்கமாக உள்ளே கூப்பிட்டான். மற்றவர்கள் போய்விட்டார்கள். வாடிக்கைக்காரர் ஒருவர் தன்னுடைய பந்தைக் கழுவக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காசு தருவார். விரல் விடுகிற துளைகளை டேப் போட்டு மூடினான், தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்பதற்காக. வாளியில் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் பந்து வெடித்துவிடும். பாத்திரம் கழுவுகிற திரவம் சில சொட்டு. பந்தை மெதுவாக இறக்கினான், ஏழு கிலோவுக்கு வரும். இருபது நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீரின் மேலே மெல்லிசாக ஒரு படலம் வந்தது, நீலமும் ஊதாவுமாக, மழை பெய்த அடுத்த நாள் கராஜ் கானில் தெரிகிற அதே நிறம். எடுத்துத் துடைத்தான். தண்ணீரை மாற்றித் திரும்ப வைத்தான். இரண்டாவது தடவையும் படலம் வந்தது. இப்போது துடைக்கிற துணியை எங்களிடம் தந்தான். நாலு பேரும் மாறி மாறித் துடைத்தோம். யாரும் பார்க்கவில்லை.

"சாம்பல் போட்டுப் பாத்தியாடா?" என்று எங்களில் ஒருத்தன் கேட்டான். சிரித்துச் சிரித்து அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பாயி போன வருஷம் இறந்ததற்கு அவனால் லீவு எடுத்துக்கொண்டு வர முடியவில்லை. சாம்பல் யோசனை சொன்னது அவனுடைய அப்பாயிதான்.

மூன்றாவது தண்ணீரில் படலம் வரவில்லை. "முடிஞ்சுதா?" என்று கேட்டோம். "இன்னைக்கு முடிஞ்சிது. வெளையாடுனா திரும்பக் குடிக்கும், திரும்பக் கொண்டாருவாரு" என்றான். துளைகளில் இருந்த டேப்பை உரித்தான். பிறகு, எங்களைப் பார்க்காமல், "டவுன்னு சொன்னதுக்குக் கோவமாடா?" என்றான். நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம் என்று சொன்னோம். அவனுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. "நீங்க கெம்பஸ் தானே, நீங்க எதுக்கு?" என்றான். எங்களிடம் பதில் இல்லை.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது அவனுடைய அம்மாவைப் பார்க்கப் போனோம். காம்பராவுக்குள் சுவருக்கு மேலே, கூரைத் தகரத்துக்குக் கீழே இருக்கிற இடைவெளியில் அந்த டெனிஸ் பந்து இருந்தது. அவன்தான் வைத்துவிட்டுப் போனானாம், எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறான். கீழே ஒரு பேப்பர் மடித்து வைத்திருந்தது. பந்தைத் தூக்கினால் பேப்பரில் வட்டமாக ஒயில் ஊறியிருக்கிறது, இரண்டு வருஷத்துக்குப் பிறகும். பகல் வெயிலில் தகரம் சுடும்போது கக்கியிருக்க வேண்டும். பந்து கல் மாதிரி காய்ந்து ஒரு பக்கம் சப்பையாக இருந்தது.

போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினோம். வேலை நேரம், ராத்திரிதான் பார்த்தான். வொய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் கட்டைகள் விழுகிற சத்தம், யாரோ சிங்களத்தில் கூப்பிடுகிற சத்தம்.

"தொடைச்சிட்டா போட்டோ எடுத்தீங்க?"

இல்லை, அப்படியேதான் எடுத்தோம் என்று எழுதினோம்.

"ஆ, சரி. அப்பிடியே வைங்க."